உது

கதிரை என்றேன்.
குதிரை என்று எழுதியது போன்.

சுழிபுரம், ஏ.எல். முதல் வருடம்,
பதினொரு கொம்பியூட்டரில் ஏழு மட்டும் உயிரோடு இருக்கிற அறை.
செயற்றிட்ட அறிக்கையை வாயால் சொல்லியே எழுதலாம் என்று
கண்டுபிடித்தவன் டிலக்சன். அவனுக்குத் தட்டச்சுப் பஞ்சி.
"பேந்து பாப்பம்" என்றான்:
பேருந்து பாம்பு.
"ஓம்" என்றான். ௐ போட்டுவிட்டு
அடுத்த மந்திரத்துக்குக் காத்திருந்தது.
சாருணி மேசையில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நானும்தான்.
ஆனால் சைக்கிளில் திரும்பும்போது
எதிர்க்காற்றோடு ஒரு கேள்வி:
நான்தான் பிழையாய்க் கதைக்கிறேனோ?
இரவு நுளம்புவலைக்குள் இருந்து
நாக்கை அயன் பண்ணி
"நாற்காலி" என்றேன்.
டக்கென்று எழுதியது, ஒரு புள்ளி பிசகாமல்.
"ஆரோடையடி நியூஸ் வாசிக்கிறாய்?" என்றா அம்மா.

தேடிப் பார்த்தேன்.
தானாய் அதற்கு ஒன்றும் தெரியாதாம்.
ஆயிரம் பேர் வாசித்ததைக் கேட்டுக் கேட்டுப் படித்ததாம்.
ஆர் வாசித்தார்களோ அவர்களுடையது தமிழ்.
இது தெரியும். அது தெரியும்.
உன் கைக்குக் கிட்ட இருக்கிற உது
தெரியாது. ஊது என்கிறது.

குரல் கொடுக்க ஓரிடம் இருந்தது.
சனிக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்தோம்.
நிபந்தனைகளைக் கடைசி வரிவரை சாருணி வாசித்தாள்,
நாங்கள் அவளுடைய வடையையும் தின்று முடிக்கும்வரை.
"பதினெட்டு ஆகாட்டி வீட்டில கேக்கோணுமாம்."
அந்தச் சனி அதோடு சரி.

அடுத்த சனி யன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி,
காரைநகர் பஸ் போய் முடியும்வரை பொறுத்து,
"உது ஆற்றை கொப்பி?"
வழுக்கையாறு என்று நினைத்தால் நினைக்கட்டும்.
வியர்க்க வியர்க்க நாற்பது வசனம்.

பிறகு மற்றவர்கள் வாசித்ததைக் கேட்டுச்
சரி, பிழை அழுத்தவேண்டும்.
ஓர் ஆண்குரல். எந்த ஊரோ.
இடையில் இருமி, பாதியை விழுங்கி,
வாழைப்பழத்தை வாயப்பயமாக்கி...
என் விரல் நேரே பிழைக்குப் போனது.
அழுத்தவில்லை.
தொடாமல் அந்தரத்தில் நின்றது, பிடிபட்டதுபோல.
திரும்பக் கேட்டேன். இன்னுமொருக்கால்.
அவனும் எங்கோ ஒரு விசிறியை நிறுத்திவிட்டு
வியர்த்துக்கொண்டு இருந்திருப்பான்.
சரி.

இன்று காலையும் கதிரை என்றேன்.
குதிரைதான்.
டிலக்சன் ஒரு குதிரையை இழுத்துப் போட்டு
ஏறி இருந்தான்.