துவாய்க் கம்பி

பதினெட்டு வருடம் ஹட்டன் மஸ்கெலியா பாதையில்
பஸ் ஓட்டியவர்,
பனிமூட்டத்தில் ஹோர்ன் சத்தத்தை வைத்தே
எதிரே வருவது லொறியா வேனா என்று சொல்பவர்,
சொந்தக் குளியலறையில்
கரைந்த சவர்க்காரத் துண்டு ஒன்றில் வழுக்கி விழுந்தார்.
கண்டியில் இடுப்புக்கு மூன்று திருகு.

பிடிகம்பி ஒன்று பூட்டலாம் என்றேன்.
டைல் வெடிக்கும் என்றார்.
மூன்று வாரமாக அதே பதில்.
இந்த டிசைன் இப்போது வருவதில்லையாம்,
ஒன்று போனால் சுவரே அசிங்கமாம்.
டைல்மேல் அவருக்கு இவ்வளவு பாசம்
இருந்தது எனக்குத் தெரியாது.

"பஸ் முழுக்கக் கம்பிதானே,
'புடிச்சுக்கங்க, வளைவு' என்று கத்துவது நீங்கதானே"
என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன்.
அன்றைக்கு முழுக்கப் பேச்சில்லை.

ஹட்டன் இஸ்ஸதீன் ஹார்ட்வெயாரில்
ஈட்டி முனை பிட் எடுத்துத் தந்த பையன்
யார் துளைக்கப்போறது என்று கேட்டான்.
நான்தான் என்றதும் விரலை ஆட்டினான்:
"ஹேமர் போட்றாதீங்க அக்கா.
சும்மா சுத்த மட்டும் விடுங்க."

மிச்சமிருந்தது ஒரே டைல்,
அடுப்படியில் சூட்டுச் சட்டி வைக்கிறது.
ரொஷானிடம் இரவல் வாங்கிய ட்ரில்லில்
ஹேமர் போட்டபடியே இருந்ததை நான் பார்க்கவில்லை.
டக்.
நாலு துண்டு.
ஹோலில் இருந்து குரல், சந்தோஷமாக: "பாத்தியா?"

பெரிய துண்டை எடுத்து மறுபடி.
பிறகு இன்னொரு துண்டு.
ஐந்தாவது துளை வட்டமாக வந்தபோது
சுவருக்குப் போனேன்.

மாஸ்கிங் டேப்பில் பெருக்கல் குறி.
நடுவில் கொங்கிரீட் ஆணி வைத்து,
முட்டை உடைப்பதைவிட மெதுவாக ஒரு தட்டு.
மினுக்கம் பெயர்ந்து வெள்ளையாக ஒரு புள்ளி.
பிட் வழுக்காமல் நிற்க அவ்வளவு போதும்
(அவர் காலுக்கும் அன்றைக்கு அப்படியொரு புள்ளி கிடைத்திருக்கலாம்).
விளிம்பிலிருந்து நாலு விரல் தள்ளி.
ட்ரில் சிணுங்கினால் போதும், கத்தக் கூடாது.
இடைக்கிடை நிறுத்தி, ஈரப் பஞ்சால் ஒற்றி.
அமத்தாதே.
கையோ அமத்தத்தான் துடிக்கிறது.
மினுக்கம் தாண்டியதும் புழுதி செம்மண் நிறமாகும்,
அப்போது தெரியும் செங்கல் வந்துவிட்டதென்று.

ஒன்று.
இரண்டு.
மூன்றாவதின் பாதியில் கரண்ட் போனது.

இழுத்தால் வெடிக்குமோ என்று
சுவருக்குள் பிட்டோடு நின்றேன்.
தகரத்தில் மழை இரைந்தது.
அதற்கிடையில் வோக்கரின் ரப்பர்க் கால்,
டொக், ஓர் இழுவை, டொக்.
விழுந்த நாளுக்குப் பிறகு
அந்த வாசல்வரை அவர் தனியாக வந்ததில்லை.

போன் வெளிச்சம் டேப்பின் மேல் விழுந்தது.
"நேராத்தான் இருக்கு" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
அரை மணி நேரம் வெளிச்சம் பிடித்தார்.
கை நடுங்கினால் துளையும் நடுங்கியது.
கண்டியில் அவர் எலும்பைத் துளைத்த அந்த டொக்டருக்கும்
யாராவது லைட் பிடித்திருப்பார்களா என்று நினைத்தேன்.

கரண்ட் வந்ததும் மூன்றாவது முடிந்தது.
நாலாவதில் அவசரப்பட்டேன்.
துளையிலிருந்து கீழே ஒரு மயிர்க்கீறல்,
அரை அங்குலம்.
அவரும் பார்த்தார்.
ரோல் பிளக்கை டைலுக்கு உள்ளே, செங்கல்வரை தட்டி இறக்கி,
திருகு முடுக்கி, வட்ட மூடியைப் போட்டதும்
கீறல் மறைந்தது.
வெடிக்கும் என்று சொன்னவர்
வெடித்ததைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை.

இது துவாய் போடும் கம்பி என்கிறார் இப்போது.
பார்க்க வந்த மச்சானுக்கும் அப்படித்தான் சொன்னார்,
துவாயை விரித்துக் காட்டி.

விடியற்காலை மூன்று மணிக்கு
தண்ணீர்ச் சத்தம் கேட்டு விழிப்பு வரும்.
எழும்பாமல் படுத்திருப்பேன்.
காலையில் துவாய் கதவில் தொங்கும்.
கம்பியின் நடுவில்
நாலு விரல் அகலத்துக்கு ஈரம்.