டாப்பு இன்னும் தைக்கவில்லை

வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் வரும் ஜில்லாவில்
மேல்திறந்த காரை யார் வாங்குவார்?
குளச்சலில் கடலைப் பார்த்தபடி
பதினெட்டு வருஷம் நின்றிருந்தது அந்த ஹெரால்டு.
பின்சீட்டில் கிழிந்த வலை, இரண்டு மிதவை,
ஒரு கோழி அடைகாத்த அடையாளம்.
விற்றவர் பெயர் ஜெரால்டு.
"ஹெரால்டை வித்தது ஜெரால்டு" என்று
வீட்டுக்காரர் மூன்று மாதம் சொல்லிச் சிரித்தார்,
ரசீதுகளைப் பார்க்கும்வரை.

பகலில் எனக்கு லேப்பில் வேலை.
மற்றவர் ரத்தத்தை ஊசியில் எடுத்து
இரும்பு போதாது என்று எழுதித் தருவேன்.
இரவில் சாய்ப்பில் பல்பைத் தொங்கவிட்டு
இரும்பு எங்கே மிச்சமிருக்கிறது என்று தேடுவேன்.
உப்புத்தாள் என்று யார் பெயர் வைத்தார்களோ,
இந்த வண்டியைத் தின்றதும் உப்புதான்.

தட்டிப் பார்க்க வேண்டும்.
கணீரென்றால் தகரம்,
பொத்தென்றால் எவனோ அப்பிய பசை.
இடது கதவு முழுக்கப் பொத்து.
சுரண்டச் சுரண்டப் பச்சைக்குக் கீழே சந்தனம்,
சந்தனத்துக்குக் கீழே மஞ்சள்,
மஞ்சளுக்குக் கீழே
காற்று.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்:
இதன் மூக்கு முழுவதும் முன்னால் கவிழும்.
முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்து
வெண்டைக்காய் அரிகிற சௌகரியத்தில்
வால்வு இடைவெளி பார்க்கலாம்.
கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்ட
மீன்குழம்புச் சட்டி
பிறகு அடுக்களைக்குத் திரும்பவில்லை.

ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
இந்த வரிசையில்தான் வெடிக்கும்.
இரண்டாவதுக்கு எப்போதும் கடைசிப் பந்தி.
அது தெரியாமல் ஒயர்களை நேர்வரிசையில் மாட்டி
ராத்திரி பத்து மணிக்குத் தெருவையே எழுப்பினேன்.
அடுத்த வீட்டுக் கொர்னேலி மதிலுக்கு மேல் தலைநீட்டி
"கிறிஸ்மஸுக்கு இன்னும் நாள் கெடக்கே" என்றாள்.

லாசர் அண்ணன் தரை முழுக்கத் தகடு வைத்து வெல்டிங் அடித்தார்.
டிரைவர் காலடியில் ஓர் ஓட்டை,
பழைய ஐம்பது காசு அளவு,
அதை மட்டும் விட்டுவிட்டார்.
"இது?"
"கெடக்கட்டும்."
"ஏன்?"
"கெடக்கட்டும்லா."
கூலியில் இருபது ரூபாய் பிடித்துக்கொண்டேன்.
அவர் எண்ணிப் பார்க்கவும் இல்லை.

தக்கலை பீர்க்கண்ணு டாப்புக்கு அளவெடுத்துப் போனார்.
திருவனந்தபுரத்திலிருந்து துணி வரணும்,
அடுத்த வெள்ளி என்றார்.
எந்த மாதத்து வெள்ளி என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

நேற்றுப் பொறுக்கவில்லை.
சும்மா இரணியல்வரை என்று எடுத்தேன்.
நானும் சும்மா என்று
குடையோடு ஏறினார் வீட்டுக்காரர்.
தென்னைகளுக்கு மேலே எவ்வளவு வானம்!
பஸ்ஸிலேயே போய்ப்போய்த் தெரியவில்லை.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது.
வேளிமலைப் பக்கம் கறுத்தது,
எண்ணி முடிப்பதற்குள் கொட்டியது.
ஓடி ஒதுங்கினால் வண்டி நனையும்,
உட்கார்ந்திருந்தால் நாங்களும்.
உட்கார்ந்திருந்தோம்.
பக்கத்து மினிபஸ்ஸில் ஜன்னல் நிறைய முகம்.
"யக்கா, டாப்பை மறந்துட்டியளா?"
"தைக்கக் குடுத்திருக்கு" என்றேன்,
ஜாக்கெட்டைச் சொல்வதுபோல.

வீட்டுக்காரர் குடையை விரித்தார்.
தன் தலைக்கு இல்லை, என் தலைக்கும் இல்லை,
டாஷ்போர்டுக்கு.
"ஒயரிங் புதுசுல்லா" என்றார்,
மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட.

பாதம் மூடியது.
பிறகு ஏறவில்லை.
குனிந்து பார்த்தேன்.
அந்த ஐம்பது காசு ஓட்டையில்
சிறிய சுழி ஒன்று சுற்றிச் சுற்றி
ரோட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது மழை,
வந்த நிறத்திலேயே,
துளி சிவப்பில்லாமல்.

கேட் உயர்ந்தது.
இரண்டாவது ஒருமுறை இருமிவிட்டுப்
பந்தியில் உட்கார்ந்தது.

லாசர் அண்ணன் வீடு தண்டவாளம் தாண்டி வலது பக்கம்.
பர்ஸும் தொப்பல்.
நனைந்த இருபது ரூபாயை
வாங்குவாரா தெரியவில்லை.