காரணம்: ஒரு வரியில்

படிவத்தில் காரணத்துக்கு
ஒரு விரற்கடை இடம் விட்டிருக்கிறார்கள்.

இரவு இரண்டு பத்து. நெலமங்கலா கிடங்கு,
ஏழாம் வாயில்.
பின்னோக்கி வந்த ஃபோர்க்லிஃப்ட்
ஜலந்தர் பெஹராவின் இடது பாதத்தில் ஏறி, இறங்கியது.
ஏறி-க்குப் பிறகு ஒரு காற்புள்ளி வைத்தேன்.
அது அங்கே நின்ற நேரம்
அதைவிட நீளம்.

சத்தமென்று பெரிதாக ஒன்றுமில்லை.
சலவைத்தூள் பெட்டி தவறி விழுந்தால்
இன்னும் கேட்கும்.
காலு, காலு என்று கன்னடத்தில் கத்தினார்கள்.
அந்த ஒரு சொல்லை
நான் தமிழுக்கு மாற்ற வேண்டியிருக்கவில்லை.
அவனோ ஒடியாவில்
விட்ட இடத்திலிருந்து பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.
எண்ணி முடிக்கட்டும் என்பதுபோல
கொஞ்ச நேரம் எல்லோரும் நின்றோம்.

பாதுகாப்புக் காலணி
பத்தாம் எண் ஸ்டாக்கில் இல்லை.
அவன் போட்டிருந்தது கேன்வாஸ்.
பெட்டி பிரிக்கும் பிளேடால்தான் அதைக் கிழித்தார்கள்.

ஓட்டிய மாதேஷா
இருக்கையைவிட்டு இறங்கவேயில்லை.
சாவியை அணைத்த பிறகும்
ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான்,
விட்டால் வண்டி மறுபடி நகர்ந்துவிடும் என்பதுபோல.

பின்னால் வரும்போது கத்துவதற்கென்று
அந்த வண்டியில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது.
எதிரே புதிதாய் எழுந்த அடுக்ககத்தில்
குழந்தைகள் தூங்கவில்லையாம், புகார்.
வயரைப் பிடுங்கி டேப் சுற்றினார்கள்.
பதினோரு நாள்.
அந்தப் பதினோரு இரவும்
ஷிஃப்ட் தொடக்கத்தில், டீ ஆறுவதற்குள்,
பிரேக் சரி, விளக்கு சரி, எச்சரிக்கை ஒலி சரி என்று
டிக் அடித்துக் கீழே கையெழுத்திட்டது
வி. கோமளவல்லி.
நான்தான்.

மேலாளர் ஃபோனில் சொன்னார்:
கவனக்குறைவுன்னு போடும்மா, போதும்.
நல்ல சொல்.
யாருடையது என்று கேட்காது.
ஒரு விரற்கடைக்குள் அடங்கியும் விடும்.
போட்டேன்.

மூன்று விரல் எடுத்துவிட்டார்களாம்.
ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவன்
தன் மூன்று விரலைக் காட்டிச் சொன்னான்,
கைவிரலை.

இன்றைக்கு ஷிஃப்ட் ஏறியதும்
அதே வண்டி, அதே டேப்.
மாதேஷா ரிவர்ஸ் போட்டான்.
கழுத்தை முழுக்கத் திருப்பிக்கொண்டு
பீ... பீ... பீ... என்று
வாயாலேயே கத்தத் தொடங்கினான்.
ஏழாம் வாயிலிலிருந்து மூன்றாம் வாயில் வரை.
ஒருவரும் சிரிக்கவில்லை.
எதிர் அடுக்ககத்தில்
ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தது.

பட்டியல் என் மடியில்.
எச்சரிக்கை ஒலி: உண்டு, இல்லை.
அவன் தொண்டையை
எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?