லைனிங்

எங்கள் மலையில் சமதரை இரண்டே இடத்தில்தான்.
ஒன்று மாரியம்மன் கோயில் வாசல்.
மற்றது கொழுந்து மடுவம்.
ஞாயிற்றுக்கிழமை தராசுக்கு வேலை இல்லை.
மாருதியை உள்ளே விட்டேன்.

ஹட்டனில் சுனில் பாஸ் சொன்ன கணக்கு
பதினெட்டாயிரம், சாமான் தனி.
"ரெண்டு நாள் வச்சிட்டுப் போங்க மிஸ்."
ரெண்டு நாள் வைத்தால்
நோர்வூட் பள்ளிக்கூடத்து நாற்பது யூனிபோமை
தலையிலா சுமப்பேன்?
சாமானை மட்டும் வாங்கினேன்.
முதலாம் கியரில்
வளைவுக்கு வளைவு கீச்சிட்டுக்கொண்டு
வந்து சேர்ந்த கதையை யாரிடமும் சொல்லவில்லை.

முன் சில்லு இரண்டுக்கும் கல் வைத்தேன்.
நட்டை இளக்கிவிட்டுத்தான் ஜெக்.
(தூக்கிவிட்டு இளக்கப் போய்
சில்லோடு நானும் சுற்றியது போன தடவை.)
டிரம் வரவில்லை.
சுத்தியலுக்கும் வரவில்லை, வசவுக்கும் வரவில்லை.
அதன் முகத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள்.
அவற்றில் போல்ட்டை மாறி மாறி முறுக்க
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது
சட்டென்று வாயைத் திறந்தது.

உள்ளே கறுப்புத் தூசி. ஊதக்கூடாது.
ஈரத்துணியால் துடைத்தால்
தேய்ந்து தேய்ந்து தகடு தெரிகிற லைனிங்.
கோட்டுக்கு வைக்கிறதும் லைனிங், இதுவும் லைனிங்.
கோட்டுக்காரர்கள் கிழிந்து தொங்கும்போதுதான்
என்னிடம் வருவார்கள்.
நான் திட்டுவேன்.

எது எங்கே என்று யாரைக் கேட்க?
மற்றப் பக்கத்து டிரம்மையும் கழற்றி
கை படாமல் வைத்தேன், பார்த்துச் செய்ய.
அங்கே இருக்கிறபடியே இங்கே போட்டால் பிழை,
திருப்பிப் போட்டால் சரி.
இருபது வருஷம் இடக்கை வலக்கை வெட்டியவளுக்கு
இதெல்லாம் பாடமா?

அந்தப் பெருமைக்கு ஒரு ஸ்பிரிங் போனது.
கூரைத் தகரத்தில் ஒரு 'டிங்'.
பிறகு தேயிலைக்குள்.

யோகராணி வந்தாள், மகன் டிலக்‌ஷன் வந்தான்,
என் கணுக்காலுக்கு அட்டை வந்தது.
கடைசியில் குண்டூசி பொறுக்குகிற காந்தத்தை,
பழைய ஸ்பீக்கரில் பிடுங்கியது,
நூலில் கட்டித் தேயிலைத் தூரடியில் இழுத்தோம்.
சோடா மூடி ஒன்று,
கவ்வாத்துக் கத்தியின் உடைந்த முனை,
யாருடையதோ ஒற்றைக் கொண்டை ஊசி,
துரு, துரு, பிறகும் துரு.
நாலாவது நிரையில் நத்தை மாதிரி ஒட்டிக்கொண்டு
ஸ்பிரிங்.
டிலக்‌ஷன் தரமாட்டேன் என்றான்.
முன் சீட் என்று பேசி முடித்தோம்.

சிலிண்டர் ரப்பரும் மாற்றியாயிற்று,
இனிக் காற்றை எடுக்க வேண்டும்.
அதற்கு இரண்டு பேர்.
ஸ்டியரிங் பக்கம் ஒருநாளும் உட்காராத யோகராணி
செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு ஏறினாள்.
"மிதி."
"மிதிச்சிட்டேன்."
"பிடி."
"பிடிச்சிருக்கேன்."
"விடு."
போத்தலுக்குள் குமிழ் வந்து வந்து குறைந்தது.
"ஒங்க மெஷின் மாதிரியே இருக்கு அக்கா."
"மெஷின்ல பிசகினா விரல் போகும். இதுல..."
இரண்டு பேரும் கீழே பார்த்தோம்,
றோட்டு திரும்புகிற இடத்தில்
மலை திரும்பாமல் ஓயாவுக்கு இறங்குகிற பக்கம்.
"இன்னொருக்கா மிதிக்கவா?" என்றாள்.

நாலு மணிக்குப் பனி மூடுவதற்குள்
கோயில் இறக்கத்தில் இருபதில் விட்டு மிதித்தேன்.
நின்றது.
நின்றது, ஆனால் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்து,
தோளில் தையல் பிசகிய சட்டை மாதிரி.
டிலக்‌ஷன் முன் சீட்டில் கைதட்டினான்.
அவனுக்குத் தெரியாது.
பிரித்துத் தைக்க வேண்டும், அடுத்த ஞாயிறு.

இப்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு
மடுவத்துத் தரையில் சாம்பல் போட்டுத் தேய்க்கிறேன்.
கறை தராசுக்கு நேர் கீழே.
காலையில் அங்கேதான்
கொழுந்துச் சாக்கை இறக்குவார்கள்.