இரண்டு விரற்கடை

பைசாந்து இறைச்சி ஆலையில்
ஈரச் சிமெண்டுத் தரை. பத்து மணி நேரம்
நின்றே எலும்பு பிரிப்பாள் நேலிதா.
தரை குதிகால் வழியே ஏறி
இடுப்பில் வந்து குடியிருக்கும்.

எலாடியோ பஸ் மெக்கானிக்.
அவள் முனகியபோது அவனுக்குத் தோன்றியது
ஷாக் அப்சார்பர்.

முதல் ஜோடியில் வால்வு ஸ்பிரிங்.
கோழிபோல் குதித்தாள், கத்தி நழுவியது.
அடுத்தது சைக்கிள் டியூப். மதியத்துக்குள்
இடக்கால் புஸ்ஸென்று இறங்க
வரிசையே சிரித்தது.
மூன்றாவது,
எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கட்டை.
ஏழு துளை போட்டான், அவள் எடையோடு
அவள் தூக்கும் தொடைக்கறியையும் கணக்கிட்டு.

அன்றிரவு
இடுப்பைப் பற்றி அவள் பேசவே இல்லை.
மாத்தேயை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்:
"ஃபோர்மேன் குள்ளம்.
பதினோரு வருஷமா தெரியலை எனக்கு."