கரையில் மை

வால்திவியாவில் மழை பெய்தால் செய்தி இல்லை,
ஓய்ந்தால்தான் செய்தி.
மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் ஜன்னல் கிடையாது என்பதால்
எர்மிந்தா ஒயர்சூனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மேலிருந்து டப்பா வந்திருக்கிறது.
எண் 2217. வயது ஐம்பத்து மூன்று.
இடது. இரண்டு மணி திசை.
பெயர் இல்லை, முகம் இல்லை.
எலுமிச்சை அளவில், மஞ்சளாய்,
இன்னும் சூடு முழுக்க ஆறாத சதை.

குட்டை நூல் கட்டியது மேல்புறம்.
நீள நூல் அக்குள் பக்கம்.
நூல் அவிழ்ந்தால் அவ்வளவுதான்,
உடம்பை விட்டு வந்த சதைக்கு
மேல் ஏது, கீழ் ஏது.

ஆறு பக்கத்துக்கும் ஆறு மை.
மேலே நீலம். கீழே பச்சை.
தோல் பக்கம் மஞ்சள், விலா எலும்பின் பக்கம் கருப்பு,
நடு நெஞ்சைப் பார்த்தது சிவப்பு,
கைப்பக்கம் ஆரஞ்சு.
வினிகர் காட்டினால் மை பிடித்துக்கொள்ளும்.
பள்ளியில் முட்டைக்கு வர்ணம் தீட்டியது
ஒவ்வொரு முறையும் ஞாபகம் வருகிறது.
ஒவ்வொரு முறையும் கூச்சப்படுகிறாள்.

விதி எளிது:
மை இருக்கும் இடத்தில் நோய் இருக்கக் கூடாது.
நடுவே ஒரு மயிரிழை நல்ல சதை, போதும்.

முன்பு ஐந்தில் ஒருத்திக்கு
அந்த மயிரிழை இருக்காது.
எர்மிந்தா மேலே போன் செய்வாள்,
மேலே இருப்பவர்கள் கொர்ராலுக்குப் போன் செய்வார்கள்,
அங்கே ஒரு பெண், தையல் ஆறிக்கொண்டிருக்கும்போதே,
மறுபடி படகு பிடிப்பாள்,
மறுபடி முதலாளியிடம் நிற்பாள்,
மறுபடி நாயைப் பக்கத்து வீட்டில் விடுவாள்,
மறுபடி வெறும் வயிறு.
முதல் தடவை பயந்தவள்
இரண்டாம் தடவை யாரையும் நம்பமாட்டாள்.

டாக்டர் அந்திலெஃப் வந்த பிறகு
டப்பாக்களின் எண்ணிக்கை கூடிவிட்டது.
கட்டியை எடுத்ததும் அவர் தைப்பதில்லை.
எடுத்த சதையை அங்கேயே எக்ஸ்ரேயில் பார்க்கிறார்.
பிறகு குழிக்குத் திரும்பி
அதன் சுவர்களை, சுற்றிலும்,
உருளைக்கிழங்குத் தோல் போல மெலிதாகச் சீவுகிறார்.

"நல்ல சதையை எதற்கு?"
தலைமை மருத்துவர் கேட்டாராம்.
"நல்லது என்று யார் சொன்னது,
என் கண்ணா?"

அதனால் 2217க்கு இன்னும் ஐந்து டப்பாக்கள்.
சீவலின் வெளிப்புறத்துக்கும் மை. புதுக் கரை.

நான்காம் நாள், கண்ணாடித் தகடு.
சிவப்பு சுத்தம். பச்சை சுத்தம். கருப்பு, மஞ்சள், ஆரஞ்சு.
நீலத்தில் நின்றாள்.
மையோடு மையாய், நெருக்கியடித்துக்கொண்டு,
கருத்த கருக்கள்.
கரையில் கறை.
கை தன் பழக்கத்தில் போனுக்குப் போய்விட்டது.

போகட்டும். முதலில் அந்த இன்னொரு டப்பா:
மேல்சுவர்.
உள்ளோரத்தில் கடுகில் பாதி, அதே கூட்டம்.
அதைத் தாண்டி கொழுப்பு,
அதைத் தாண்டி கொழுப்பு,
ஒன்றுமே நடக்காத, சலிப்பூட்டும், வெள்ளைக் கொழுப்பு.
கடைசியில் நீலம்,
தொடுவார் இல்லாமல்.

போனை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை வேறொரு எண்ணுக்கு எடுக்க வேண்டியிருந்தது.
கருப்பு மை, விலா பக்கம்,
சீவ அங்கே சதையே மிச்சமில்லை.
அதுவும் உண்டு.

2217க்கு இதெல்லாம் தெரியாது.
"எல்லாம் சுத்தம்" என்று ஒரு வரி சொல்வார்கள்.
வராத படகுக்கு
யார் காத்திருந்து பார்க்கிறார்கள்?

மாலையில் ஆற்றங்கரைச் சந்தை.
கடற்சிங்கம் ஒன்று மீன்தலைக்குக் கத்துகிறது.
எர்மிந்தா காசு நீட்டுகிறாள்,
கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் நீலம்,
கையுறை எங்கோ கிழிந்திருக்க வேண்டும்.

"வீட்டுக்கு வர்ணம் அடித்தாயா?"
மீன்காரி கேட்கிறாள்.

"ஒரு சுவருக்கு மட்டும்."