எடைமேடை

கல்லிடைக்காரனுவ மாசானத்தை வாங்கிட்டானுவ.
லீக்கில் ஏழு ஆட்டம், நாலு முடிந்தாயிற்று.
ஐந்தாவதுக்கு முன்னால் ரெண்டு கேப்டனும் கையெழுத்துப் போட்டால்
ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு விதி,
நோட்டீசின் அடியில், பொடி எழுத்தில்.
அதையும் எவனோ வாசித்திருக்கிறான்.

வி.கே.புரத்துக்கு அவர்கள் கொடுத்தது
ஆவுடையப்பனை.
கூட ஒரு ஜோடி புது பேடு, பதினாலாயிரம் ரொக்கம்.

நான் அம்பையில் எடைமேடை பார்க்கிறவன்.
லாரி காலியாக ஏறும், பிறகு சுமையோடு ஏறும்,
கழித்துச் சீட்டு எழுதுவேன்.
ஐம்பது கிலோ முன்னப்பின்னே இருந்தால்
கிளீனர் இறங்கினானா என்று எட்டிப் பார்ப்பேன்.
ராத்திரி தூக்கம் வராமல்
இதையும் ஏற்றிப் பார்த்தேன்.

மாசானம்: நாலு ஆட்டம், பதினொரு விக்கெட்.
அதில் அஞ்சு சேரன்மகாதேவிப் பையன்களுடையது.
அவனுவ முந்தின நாள் கொடை பார்த்துவிட்டு
கண்ணில் தூக்கத்தோடு வந்து நின்றவனுவ. அதைக் கழி.
மிச்சம் ஆறு.
ஆறில் ஒன்று எங்கள் வெள்ளத்துரை.
நடுக்குச்சி பறந்து கீப்பர் காலடியில் விழுந்ததை
நானே பார்த்தேன்.
அதைக் கழிக்க மனசு வரவில்லை. சேர்க்கவும்தான்.

'ஆவுடையப்பன் போனது நமக்கு லாவம்லா' என்கிறான் மைதீன் பிச்சை,
பஞ்சர் கடைத் தொட்டியில் டியூபை அமுக்கி
குமிழி எங்கே வருகிறதென்று பார்த்தபடி.
'மூணாவது எறங்க ஆளு கெடையாது.
முப்பதுக்குச் சுருளுவானுவ, எழுதி வச்சிக்கோ.'

எனக்கு அப்படித் தோன்றவில்லை.
ஆவுடையப்பன் அடித்ததெல்லாம் வைகாசி வெயிலில்,
காய்ந்த பந்தில்.
இப்போது மேற்கே மலையே தெரியவில்லை.
சாரலில் பந்து நனைந்தால்
எவன் அடித்தாலும் சொத்தென்று பக்கத்தில்தான் விழும்.
ஆனால் நனைந்த பந்து
மாசானத்தின் விரலுக்கு மட்டும் அடங்குமா?

செவ்வாய்க்கிழமை மத்தியானம்
தவிட்டு மூட்டையோடு ஒரு வி.கே.புரம் லாரி.
மேலே தார்ப்பாயைப் பிடித்து உட்கார்ந்திருந்தது
அவனேதான்.
எடைக்கு ஆள் இறங்க வேண்டும், இறங்கினான்.
சரிந்த மூட்டை ஒன்றை எடுத்து
வலது தோளில் ஏற்றினான்.
பந்து போடுகிற இடது கை சும்மா தொங்கியது.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.
தோள் போய்விட்டதா?
அப்படியென்றால் கல்லிடைக்காரன்
பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்கியிருக்கிறான்.
இல்லை,
ஞாயிற்றுக்கிழமைகளுக்காக அந்த ஒரு தோளை
ஒரு மூட்டையும் படாமல்
இத்தனை வருஷம் பொத்தி வைத்திருக்கிறானா?

'தோளு எப்படி இருக்கு?' என்று கேட்டிருக்கலாம்.
'சில்லறை இருக்கா?' என்றுதான் வாயில் வந்தது.
எண்பது ரூபாய்ச் சீட்டுக்கு நூறை நீட்டினான்
இடது கையால்.
சட்டென்று நினைப்பு வந்து
வலது கைக்கு மாற்றிக்கொண்டான்.
நீட்டிய கை நடுங்கவில்லை.
அதுவும் கணக்கில் வரும்.

மைதீனிடம் சொல்லவில்லை.
வெள்ளத்துரையிடமும் சொல்லவில்லை.
சொன்னால் முதல் ஓவரிலேயே ஏறி அடிப்பான்;
என் கணக்கு தப்பானால்
குச்சி இன்னொரு தரம் பறக்கும்.

ஞாயிறு, ஆற்றுப்பாலம் தாண்டி அவர்கள் மைதானம்.
தூறல் விட்டுவிட்டது.
மாசானம் போட்டிருந்தது ஆவுடையப்பனின் பழைய சட்டை,
தொளதொளவென்று,
முதுகில் பெயரைச் சுரண்டிய தடம் ஆ மட்டும் மிச்சம்.
பதினாலாயிரம் டீமுக்குப் போயிற்று.
அவனுக்குக் கிடைத்தது அந்தச் சட்டை போல.

பந்தைக் கால்சட்டையில் துடைத்தான்.
தோளை ஒரு சுற்றுச் சுற்றினான்,
மெதுவாக,
வலியா பழக்கமா தெரியவில்லை.
ஓட ஆரம்பித்தான்.

'ஏல, தோளப் பாத்துப் போடு!'

கத்தியது நான்தான்.
எங்கள் ஆட்கள் நாலு பேர் திரும்பினார்கள்.
மைதீன் பிச்சை
கடலைப் பொட்டலத்தை என்னிடமிருந்து
பிடுங்கிக்கொண்டான்.